சாட்சிக் கையெழுத்து

எனக்கு எண்பத்தாறு வயது ஆகிறது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். ஐந்து என் வயிற்றில் பிறந்தவை, நாலு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. எது எந்த வயிறு என்று வெளியாள் ஒருவருக்கும் தெரியாதபடி வளர்த்தேன். இன்றைக்கும் வீட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை அடித்தால் என் பெயரைத்தான் முதலில் போடுகிறார்கள். இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது பேரும், அவர்கள் பெற்றவர்களும், என்னைக் கைநாட்டு என்றே நினைத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டிலும், பள்ளிக்கூடத்துச் சேர்க்கைத் தாளிலும், என் வீட்டுக்காரர் போனபோது ரயில்வேக்காரர்கள் நீட்டிய காகிதத்திலும் இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்துத்தான் வைத்தேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அறுபது வருஷத்துக்கு மேலாக நான் அதைப் போட்டதில்லை. காரணம் ஒரு பென்சில் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அது ஊதாப் பென்சில். வெறுமனே எழுதினால் சாதாரணப் பென்சில் எழுத்துதான். முனையை நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா மையாகிவிடும், தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாது. முனிசிபல் ஆபீஸ் சேவகர் அதைக் காதில் செருகிக்கொண்டு வருவார். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. ராயபுரத்துக்கு வடக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்தின் ஒரு முனையில் தண்ணீர்க் குழாய், மறு முனையில் மணல், அதற்கப்பால் கடல். பாதி வீடுகள் மீன் பிடிக்கிறவர்களுடையவை, மற்றவை துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் கூலிக்குப் போகிறவர்களுடையவை. அத்தனை வீட்டிலும் பெயர் எழுதத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதில் மிஞ்சியது என் பெயரும், பெரிய எழுத்தாக இருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கமும். அந்தப் பெயரை அடுப்புக் கரியால் சுவரில் எழுதி எழுதி, கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து விடுகிற அளவுக்குத் தேர்ந்திருந்தேன்.

என் வாசலுக்கு நேர் எதிரே இருந்தவளை அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். குழந்தை இல்லை. கரையில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பாள். அவள் புருஷனை மாமா என்பேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். கப்பலிலிருந்து இறங்கிய பொதி ஒன்று கயிறு அறுந்து அவர் இடுப்பின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. அவர்கள் வீடு ஒற்றை அறை. ஜன்னல் கிடையாது, அடுப்பும் உள்ளேயே. புகையில் அவர் இருமுகிற இருமல் சந்து முழுக்கக் கேட்கும். அதனால் அக்கா ஒரு காரியம் செய்தாள். வாசல் பக்கம் பனங்கழியும் தென்னங்கீற்றும் வைத்து ஒரு சார்ப்பு இறக்கி, இடுப்பு உயரத்துக்கு மண் சுவர் எழுப்பி, கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து அதில் போட்டாள். சார்ப்பு சந்துக்குள் ஐந்தடி நீட்டிக்கொண்டிருந்தது. படுத்த இடத்திலிருந்து மாமாவுக்குக் கடல் தெரிந்தது. இருமல் பாதியாகக் குறைந்தது.

கடல் தெரிந்ததும் மாமாவுக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. பாயில் எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்பதை வைத்தே தூரத்தில் வருகிற கட்டுமரம் யாருடையது என்று சொல்லிவிடுவார். விடிந்து கொஞ்ச நேரத்தில் பெண்கள் ஒவ்வொருத்தியாக சார்ப்புப் பக்கம் வந்து நிற்பார்கள். "மாமா, எங்க வூட்டு மரம் தெரியுதா?" "தெரியுது, தெரியுது. உன் ஆளு பாயை இஸ்துக் கட்டாம தூங்கிக்கினு வரான். போயி உலையை வை, போ." அவர் சொன்ன மரம் தப்பியதே இல்லை. காற்று மோசமாக இருந்த நாட்களில் எல்லா மரமும் வந்து சேர்கிற வரைக்கும் கஞ்சி குடிக்க மாட்டார். கடைசிப் பாய் தெரிந்த பிறகுதான் அக்காவிடம் கையை நீட்டுவார்.

பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு விறகு வியாபாரம். விறகு வண்டி திரும்புவதற்குச் சந்தில் இடம் போதவில்லை என்று முதலில் அக்காவிடம் சொல்லிப் பார்த்தார், பிறகு சத்தம் போட்டார், கடைசியில் ஆபீசுக்குப் பெட்டிஷன் எழுதிப் போட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சந்து எல்லாருக்கும் பொதுதான். பெட்டிஷன் போனால் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஓவர்சியர் வருவார், நாடாவை நீட்டி அளப்பார், எங்கேயிருந்து சந்துக்குச் சொந்தமோ அங்கே சுவரில் ஒரு காவிக் கோடு போடுவார். அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. மழை வந்து கோட்டைக் கழுவிவிடும். எங்கள் சந்தில் காவிக் கோடு வாங்காத வீடு இல்லை; நான் அம்மி போட்டிருந்த மேடைக்கும் ஒரு கோடு உண்டு. அக்கா வீட்டுச் சுவரில் கோடு போட்டபோது, ஓவர்சியர் சந்து முனையைத் தாண்டுவதற்குள் அவள் சாணியைக் கரைத்து அதன் மேல் மெழுகினாள். "பொட்டு வெச்சிட்டுப் போறாரு. எங்கூட்டு சொவுருக்கு இன்னா, கண்ணாலமா?" என்றாள். மாமா கட்டிலில் இருந்தபடி சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அதற்கு ஒரு மாதம் கழித்து எனக்கும் அக்காவுக்கும் பேச்சு நின்றது. காரணம் என் ஆடு. நாத்தனார் போய்ச் சேர்ந்து அவளுடைய கைக்குழந்தை அப்போதுதான் என்னிடம் வந்திருந்தது. எனக்குப் பால் வற்றிப்போயிருந்தது. ஆட்டுப் பாலில்தான் அந்தக் குழந்தை உயிர் பிடித்தது. ஒரு நாள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு சார்ப்புக்குள் போய், மாமாவின் தலைமாட்டில் ஆற வைத்திருந்த கஞ்சியில் வாய் வைத்துவிட்டது. மாமாவால் கையை வீசத்தான் முடிந்தது. அக்கா ஓடிவந்து, அகப்பட்ட விறகுக் கட்டையால் ஓங்கி அடித்தாள். ஒரு கொம்பு அடியோடு முறிந்து ரத்தம் வழிந்தது. மூன்று நாள் அது மடியைத் தொட விடவில்லை. குழந்தை அழுத அழுகையில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. சந்தின் நடுவில் நின்று கத்தினேன். "உன் புருஷன் படுத்துக்கினு கீறதுக்கு என் ஆடாமே பொணை?" என்று கேட்டுவிட்டேன். மாமாவின் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியும். அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பேரு எழுதத் தெரிஞ்சா பத்துமா? ஆட்டைக் கட்டி வெக்கத் தெரிய வாணாம்? வந்துட்டா, கலெக்டரு பொண்டாட்டி!" என்றாள். சந்தே சிரித்தது. அவள் சொன்னதை நான் மன்னிக்கவில்லை. நான் சொன்னதை அவள் எப்போதோ விட்டுவிட்டிருந்தாள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சில நாளில் அக்கா, மாமாவை மாட்டு வண்டியில் படுக்க வைத்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு எலும்பு வைத்தியரிடம் கூட்டிப் போனாள். எண்ணெய்க் கட்டுப் போட்டுப் பத்து நாள் தங்க வேண்டும் என்று அவள் குழாயடியில் யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது. அவர்கள் போன ஆறாம் நாள் காலையில் சேவகர் வந்தார். தோளில் குறுக்காக டவாலி, அதில் பித்தளை வில்லை, கையில் பசைத் தகரம். கிழங்கு மாவில் காய்ச்சிய பசை; புளித்த வாடை அடித்தது. அக்கா வீட்டு வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். அது ஆபீஸ் வழக்கம். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் நோட்டீசைக் கதவில் ஒட்டலாம். ஒட்டியதைப் பார்த்ததாகச் சந்துக்காரர் ஒருவர் சாட்சி போட வேண்டும். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ரேகை வெச்சுக் கொண்டுபோனா குமாஸ்தா என்னைத் திட்றாரு, இது யாரு வெரலுன்னு நான் எங்கய்யா போயி தேடறதுன்னு. கையெழுத்துப் போடறவங்க யாருனா கீறீங்களா?" என்றார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனேன்.

அவர் நல்ல மனுஷர். அதைச் சொல்லியாக வேண்டும். காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளக்கிச் சொன்னார். "யம்மா, நல்லாக் கேட்டுக்கோ. பதினஞ்சு நாளுல இந்த சார்ப்பை அவங்களே எடுத்துடணும். இல்லாங்காட்டி ஆபீஸ் ஆளுங்க வந்து எடுத்துடுவாங்க. கோடு போட்டுட்டுப் போற மாதிரி இல்லை இது, மெய்யாலுமே வருவாங்க. ஓட்டு வூட்டுக்காரரு தெனம் ஆபீசுக்கு நடந்துகினு கீறாரு. ஆனா உள்ள நோயாளி கீறாரு இல்லே? அத்தைச் சொல்லி ஒரு பெட்டிஷன் எழுதிக் குடுத்தா தலைவரு டைம் குடுப்பாரு. போன மாசம் ஒரு புள்ளத்தாச்சிக்கு மூணு மாசம் குடுத்தாரு. பதினஞ்சு நாளுக்குள்ள வரணும், அவ்ளோதான். அந்தம்மா வந்ததும் நீ சொல்லிடு, இன்னா?" "சொல்றேங்க" என்றேன். அவர் நோட்டீசைக் கதவில் ஒட்டினார். நான் பென்சிலை வாங்கி முனையை நாக்கில் தொட்டேன். ஆபீசுக்குத் திரும்பிப் போகிற நகலைக் கதவின் மேலேயே வைத்து என் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலை இழுத்து விட்டேன். "சோக்காக் கீதே!" என்றார் சேவகர். அன்று முழுவதும் என் நாக்கு ஊதாவாக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் நீட்டிக் காட்டினேன்.

சேவகர் போய்க் கால் நாழிகை இருக்காது. நான் என் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆடு சார்ப்புக்குள் நுழைந்தது. பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் கதவில் ஊன்றி, முதலில் ஓரத்தில் வழிந்த பசையை நக்கியது. பிறகு காகிதத்தின் மூலையைப் பல்லால் பிடித்து இழுத்தது. ஈரம் காயாத காகிதம், முழுசாக உரிந்து வந்தது. அங்கேயே நின்று, ஒற்றைக் கொம்பை ஆட்டிக்கொண்டு, தின்று முடித்தது. எழுந்து விரட்ட எனக்கு நேரம் இருந்தது. நான் விரட்டவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கஞ்சிக்குக் கொம்பை முறித்தாயே, இப்போது பார் என்று தோன்றியது. அந்த நேரத்தில் சந்தில் வேறு யாரும் இல்லை.

நாலாம் நாள் அக்காவும் மாமாவும் திரும்பி வந்தார்கள். கட்டில் மறுபடியும் சார்ப்புக்குள் போனது. "மாமா, எங்க வூட்டு மரம் தெரியுதா?" என்ற குரல்களும் திரும்பி வந்தன. நோட்டீஸ் ஒட்டியதைக் குழாயடிப் பெண்கள் பார்த்தார்கள்தான். காவிக் கோடு மாதிரி இதுவும் ஒன்று என்று அன்றைக்கே மறந்துவிட்டார்கள். நினைவு இருந்தவர்களும் கதவில் ஒட்டியதை அவளே பார்த்திருப்பாள் என்று இருந்திருப்பார்கள். பதினைந்து நாள் என்பதும், நோயாளியைச் சொன்னால் அவகாசம் கிடைக்கும் என்பதும் என் ஒருத்தியிடம் மட்டும் சொல்லப்பட்டவை. பதினொரு நாள் மீதி இருந்தது. பன்னிரண்டடி அகலச் சந்தைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். காலையில் கதவைத் திறக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கும். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளே வந்து முதலில் பேசட்டும் என்று ஆகிவிடும். அந்த ஆபீஸ் எதைத்தான் சொன்னபடி செய்திருக்கிறது என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

அவளே வந்து முதலில் பேசவும் செய்தாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சாயங்காலம், கையில் ஓட்டாஞ்சில்லோடு என் வாசலுக்கு வந்தாள். "அடுப்பு அணைஞ்சி போச்சி. கொஞ்சம் நெருப்பு குடுமே" என்றாள். இரண்டு வீடு தள்ளிக் கேட்டிருக்கலாம். என்னிடம் வந்தாள். நான் இடுக்கியால் தணலை எடுக்கும்போது சொல்ல வேண்டியது தொண்டைக்கு வந்துவிட்டது. அதற்குள் அவள் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தாள். "இன்னா, உன் ஒத்தக்கொம்பி சௌக்கியமா? இப்ப யாரு வூட்டுக் கஞ்சியைத் துன்னுகினு கீது?" என்று சிரித்தாள். சமாதானத்துக்கு வந்தவளின் சிரிப்பு அது. இன்றைக்கு எனக்கு அது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு அது சந்து முழுக்கச் சிரிக்க என்னைக் கலெக்டர் பொண்டாட்டி என்ற அதே வாயாகத்தான் தெரிந்தது. தணலைச் சில்லில் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே திரும்பினேன். அவள் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள். அந்த இரண்டு நிமிஷம் எனக்கு இன்னும் முடியவில்லை.

பதினேழாம் நாள் காலையில் வந்தார்கள். ஓவர்சியர், சேவகர், கடப்பாரையோடு நாலு ஆட்கள். மாமா அப்போது யாரோ ஒருத்திக்கு அவள் வீட்டு மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். "நோட்டீஸா? எந்த நோட்டீஸுய்யா? எவன் குடுத்தான், எங்கிட்ட? நான் இந்த மனுஷனை மீஞ்சூருக்கு இட்டுக்கினு போயிருந்தேன். வந்து பாத்தா கதவுல ஒரு காயிதம் இல்லை!" என்றாள். ஓவர்சியர் கெட்டவர் இல்லை. கட்டிலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், ஆட்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். "இந்தாம்மா, ஒட்டுன காயிதம் நிக்காம போயிருந்து, நீ அத்தைப் பாக்கவே இல்லேன்னா, நான் இன்னிக்குக் கை வெக்க முடியாது. திரும்ப ஒட்டணும், திரும்பப் பதினஞ்சு நாளு. ஆனா அத்தை நீ சொன்னா செல்லாது. சாட்சி சொல்லணும். யாருப்பா சாட்சி?" என்று சேவகரைக் கேட்டார். சேவகர் கையிலிருந்த தாளைப் பார்த்து என் பெயரைப் படித்தார். என் பெயரை ஒருவர் காகிதத்திலிருந்து படித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் என் வாசலில் குழந்தையோடு நின்றிருந்தேன். ஆடு தின்னுடுச்சுங்க என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால், எப்போது தின்றது, நீ ஏன் சொல்லவில்லை, இத்தனை நாள் எதிர் வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்தாய் என்று கேட்பார்கள். சந்து முழுக்க நின்றிருந்தது. குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன். சேவகர்தான் பேசினார். "நான் வெவரமா சொல்லிட்டுத்தாங்க போனேன். அந்தம்மா வந்ததும் சொல்லுன்னு சொன்னேனே. இன்னாம்மா, சொல்லலியா?" அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்த்து நின்றேனோ அது வரவில்லை. "அட, அத்தை ஏன்யா இதுல இஸ்து உடறே?" என்று அவள் சேவகர் மேல் பாய்ந்தாள். "அதுக்குப் பேரு மட்டுந்தான் எழுத வரும். காயிதத்துல இன்னா கீதுன்னு அது கண்டுச்சா? அடுத்தவ பெத்த புள்ளையையும் சேத்து வெச்சிக்கினு அல்லாடுது. நீ சொன்னது அதுக்கு ஏறியிருக்காது. படிக்கத் தெரியாதவ கிட்டே கையெழுத்து வாங்கிக்கினு போயி, அவ தலையிலேயே போடறியா?"

ஓவர்சியர் என்னிடம் நேராகக் கேட்டார். "அப்பிடியாம்மா? இது இன்னா காயிதம்னு உனக்குத் தெரியாதா? கதவுல நின்னுச்சா, போச்சா, அதுவும் தெரியாதா?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

என் பெயரை எழுதத் தெரிந்ததற்காக அத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தவள், படிக்கத் தெரியாதவளாக அவள் கட்டிக் கொடுத்த மறைவுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஓவர்சியர், "ஒட்டுனதுக்குச் சாட்சி கீது. போனதுக்குச் சாட்சி இல்லை" என்று தாளை மடித்தார். ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர்கள் மாமாவைக் கட்டிலோடு தூக்கி மணல் பக்கம் வைத்தார்கள். கீற்றுகளைப் பிரித்தார்கள், கழிகளை உருவினார்கள், மண் சுவர் நாலு தள்ளலில் போய்விட்டது. கட்டி முடிக்க அவளுக்கு ஒரு மாதம் ஆனது. எடுக்க அடுப்பில் சோறு பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை. மாமா கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் முகத்தில் அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றபோது கண்ணைத் திறக்காமலே, "இந்தா புள்ளே, கொழந்தை அழுவுது பாரு. வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றார். மத்தியானம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனேன். அக்கா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இனிமே நமக்குள்ள இன்னாமே சண்டை" என்றாள். அப்படித்தான் நாங்கள் சேர்ந்தோம்.

மாமா பழையபடி உள்ளறைக்குப் போனார். கடல் தெரியாது, புகை போகாது. பழக்கத்தில் காலையில் பெண்கள் அந்த இடத்துக்கு வந்து, "மாமா, எங்க வூட்டு மரம்" என்று தொடங்கி நிறுத்திக்கொள்வார்கள். உள்ளேயிருந்து இருமல் மட்டும் கேட்கும். ஒரு மாதத்தில் அக்கா அவரைக் காத்திவாக்கத்தில் தன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். மழைக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. சார்ப்பு இருந்திருந்தாலும் போயிருப்பார் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார். சேவகர் அதற்குப் பிறகும் எங்கள் சந்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். சாட்சி வேண்டுமானால் யாராவது ஒரு கிழவியைக் கூப்பிட்டு ரேகை வாங்கிக்கொண்டு போவார். என் வாசலைத் தாண்டும்போது பார்வையை நேரே வைத்துக்கொள்வார். அந்தச் சந்தில் நான் செய்தது தெரிந்த ஒரே மனுஷர் அவர். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழெட்டு வருஷம் கழித்து எண்ணூர்ப் பக்கம் போகிற ரயிலில் அக்காவைப் பார்த்தேன். கழிமுகத்தில் பிடித்த இறால் கூடையோடு, நாலைந்து பெண்களுக்கு நடுவில் குந்தியிருந்தாள். தலை நரைத்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "இது யாரு தெரியுமா? எங்க எதிர்வூட்டுத் தங்கச்சி. எங்கூட்டை இடிச்ச அன்னிக்கு அந்த சந்துல ஒருத்தி கிட்ட வரலை. இதுதான் கஞ்சி கொணாந்து ஊத்துச்சு எங்க மனுஷனுக்கு" என்று அவர்களிடம் சொன்னாள். சொல்லிப் பழகின வேகம் அதில் இருந்தது. இத்தனை வருஷமும் என்னைப் பற்றி இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, அந்த நோட்டீசு..." என்று ஆரம்பித்தேன். "அட, அத்தை உடுமே. இன்னும் அதையேவா நெனச்சிக்கினு கீறே? படிக்கத் தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருந்திருப்பியா?" என்று என் கன்னத்தைத் தடவினாள். ஸ்டேஷன் வந்தது. நான் இறங்கினேன். இலையில் சுற்றி ஒரு பிடி இறால் கொடுத்தனுப்பினாள். பிள்ளைகளுக்கு வறுத்துப் போட்டேன். ருசியாக இருக்கிறது என்று தின்றார்கள். அடுத்த தடவை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அடுத்த தடவை நான் கேட்டது அவள் போய்விட்ட செய்திதான்.

யாராவது கையெழுத்துக் கேட்டால் நாக்கில் அந்தப் பென்சிலின் கசப்பு வந்து நிற்கும். பெருவிரலை நீட்டிவிடுவேன். போன மாதம் எங்கள் மொட்டை மாடியில் பிள்ளைகள் போட்டிருக்கிற தகரக் கொட்டகை மேல் யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். இப்போது பசை இல்லை, டவாலி இல்லை. பேத்தியின் கைபேசிக்கே வந்துவிடுகிறது. அவள் படித்துவிட்டு, "ஒண்ணுமில்லை ஆயா, பதில் சொல்லப் பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்காங்க" என்றாள். அந்தப் பதினைந்து நாளைக் கேட்டதும் நான் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசுகிற பேச்சில் எழுதாமல் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுது, அவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொன்னேன். நல்ல பிள்ளை, அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். ஓவர்சியர் என்னைக் கேட்ட இடம் வந்தபோது மட்டும் கையை நிறுத்தினாள். "ஆயா, இங்கே பயத்துல தெரியாதுன்னு சொல்லிட்டேன்னு போடட்டுமா? இல்லேன்னா, அவர் சொன்னது அப்போ உனக்குச் சரியாப் புரியலைன்னு? படிக்கிறவங்க உன்னைத் தப்பா நெனைப்பாங்க" என்றாள். வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டு எழுதினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் புரை, பெரிய எழுத்தும் இப்போது கூடுவதில்லை. அக்காவுக்கு என் மேல் இருந்த அதே பாசம் இந்தப் பிள்ளைக்கும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

எழுதினது போதும்மா. இப்போது படி. ஓவர்சியர் கேட்கிற இடத்தில் மெதுவாகப் படி. எனக்குத் தெரிந்திருந்தது என்று அதில் இருக்கிறதா, கேட்கிறேன். இருந்தால் பேனாவைக் கொடு.